கலப்பத்து அடிக்கப் பழகலாம்: பஞ்சு, உளி, கொட்டாப்புளி

பழைய மரவல்லம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, கரையில் நிற்கும்போது பார்க்க அழகாக இருக்கிறது, தண்ணீரில் இறக்கினால் அரை மணி நேரத்தில் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற சந்தில் பஞ்சைத் திணித்து, அடித்து இறுக்கி, மேலே மக்கு, அதாவது புட்டி, வைத்து மூடுகிற வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். கடற்கரையில் கலப்பத்து என்பார்கள், அடிக்கிறவர் கலப்பத்து மேஸ்திரி. கலத்தைப் பற்றிக்கொள்வதால் கலப்பற்று என்று பிரித்துக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அரபியில் இதே வேலைக்குக் கல்ஃபத்தா என்றும், போர்ச்சுக்கீசியத்தில் இந்த வேலைக்காரரைக் கலஃபாத்தே என்றும் சொல்கிறார்கள். யார் யாரிடம் வாங்கினார்கள் என்கிற வழக்கை மொழிக்காரர்களிடம் விட்டுவிடுவோம்.

எல்லாப் படகுக்கும் இந்த வேலை கிடையாது. ஃபைபர் படகுக்குத் தேவையே இல்லை. கட்டுமரத்துக்குத் தண்ணீர் உள்ளே வந்து போவதுதான் பிழைப்பு. சோழமண்டலக் கரையில் அலை தாண்டுவதற்கென்று இருந்த மசூலாப் படகில் பலகைகளைக் கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் வைக்கோலோ நாரோ வைத்து இறுக்குவார்கள், அதில் போய் உளி வைத்து அடித்தால் தையல்தான் அறும். பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, உள்ளே விலா எலும்பு போல நிற்கும் வங்குகளில் ஆணி அடித்துக் கட்டிய வல்லம், வத்தை, மர விசைப்படகு, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தூத்துக்குடித் தோணி, இவைதான் கலப்பத்துக்கு உரியவை.

வேலையில் கை வைப்பதற்கு முன்னால் இரண்டு நாள் போய்ப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கிற காலமும் அதுதான். ராமேசுவரமோ நாகப்பட்டினமோ, மரப்படகு இன்னும் மிச்சமிருக்கிற எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் காலையில் கொட்டாப்புளி ஓசை கேட்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து மேஸ்திரியின் இடது கையைக் கவனியுங்கள். எல்லோரும் அடிக்கிற வலது கையையே பார்க்கிறார்கள், சூட்சுமம் உளி பிடிக்கிற இடது கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் அடித்தால் படகைக் கெடுத்துவிடுவீர்கள். தண்ணீரைத் தடுப்பது பஞ்சு மட்டும் இல்லை. படகு தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறும், ஊறினால் அகலத்தில் உப்பும், உப்பிய இரண்டு பலகையும் நடுவில் இருக்கிற பஞ்சை நெரிக்கும், பஞ்சும் தண்ணீர் குடித்து உப்பும். அப்போதுதான் சந்து மூடும். அதாவது நம் வேலை பாதி, மீதியை மரம் பார்த்துக்கொள்ளும். மரத்துக்கு உரிய பாதியையும் நாமே செய்துவிட வேண்டும் என்று வெறிகொண்டு அடித்தால், ஊறும்போது பலகைக்குப் போக இடம் இருக்காது. ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளும்.

சாமான்

உளி என்றதும் தச்சர் உளியை எடுக்காதீர்கள். கலப்பத்து உளிக்குக் கூர் கிடையாது. நுனி இரண்டு அங்குல அகலத்தில் பட்டையாக, ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தில், மழுங்கலாக இருக்க வேண்டும். கூராக இருந்தால் பஞ்சை அறுக்கும். தெரிந்த கொல்லரிடம் லாரிப் பட்டைத் துண்டைக் கொடுத்து மூன்று அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்: பஞ்சை உள்ளே தள்ள மெல்லியது ஒன்று, தள்ளிய பஞ்சை இறுக்கக் கொஞ்சம் தடித்தது ஒன்று, படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் ஏராவை ஒட்டிய சந்தில் கை நேராகப் போகாது என்பதால் கழுத்து வளைந்தது ஒன்று. பழைய பஞ்சைக் கிளறி எடுக்க ஒரு கொக்கியும் வேண்டும். தேய்ந்த அரத்தின் வாலைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் நல்ல கொக்கி கிடைக்கும்.

அடிப்பதற்குக் கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தி. புளியமரத்தில் செய்தது என்றால் பிளக்காமல் பல வருஷம் உழைக்கும். இரும்புச் சுத்தியல் வேண்டாம். இரும்போடு இரும்பு மோதினால் கை ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும், அது கூடப் பரவாயில்லை, ஓசை எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்கும். இந்த வேலையில் ஓசைதான் அளவுகோல்.

பஞ்சு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். மருந்துக்கடைப் பஞ்சு ஆகாது, இழை குட்டை, இழுத்தால் பிய்ந்து கையோடு வரும். கோவில்பட்டி, ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில், நூலாக முறுக்குவதற்கு முன்னால் தளர்ந்த கயிறு போலத் தொடர்ச்சியாக ஒரு பஞ்சு வரும், ஸ்லைவர் என்பார்கள். அது கிடைத்தால் நல்லது. ஒரு முழம் எடுத்து, தொடையில் வைத்து உள்ளங்கையால் ஒரே பக்கமாக உருட்டினால் பென்சில் கனத்துக்குத் திரி வரும், விளக்குத் திரி திரிக்கிற அதே கை வாகுதான். இறுக்கி முறுக்க வேண்டாம், கையில் பிடித்தால் மெத்தென்று இருக்கட்டும். பஞ்சை எண்ணெயில் தோய்த்து அடிப்பதா உலர்ந்தபடி அடிப்பதா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. நான் உலர்ந்த பஞ்சுக் கட்சி. எண்ணெய் குடித்த பஞ்சு அப்புறம் எப்படித் தண்ணீர் குடித்து உப்பும்?

முதலில் ஒரு பலகையில் பழகுங்கள்

நேராகப் படகில் ஆரம்பிக்காதீர்கள். ஒன்றேகால் அங்குலக் கனத்தில், மூன்றடி நீளத்தில் நான்கு பலகைத் துண்டு வாங்கி, மூன்று குறுக்குக் கட்டைகள்மேல் வரிசையாக அடித்து இறுக்குங்கள், அந்தக் கட்டைகள்தான் உங்கள் வங்கு. நான்கில் ஒரு பலகையை மட்டும் நடுவில், அந்த நடுக் கட்டைக்கு நேராக, குறுக்கே அறுத்துச் சேருங்கள், பலகையின் தலைமூட்டும் பழக வேண்டும். அடிப்பதற்கு முன் விளிம்புகளை இழைப்புளியால் லேசாகச் சரித்துவிடுங்கள். உள்பக்கம் பலகையும் பலகையும் ஒட்டியிருக்க வேண்டும், வெளிப்பக்கம் ஒரு நூல் அளவுக்கு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, வாய் திறந்திருக்க வேண்டும். இந்த ஆப்பு வடிவம்தான் பஞ்சை உள்ளே விழாமல் பிடித்துக்கொள்கிறது. உள்பக்கமும் திறந்திருந்தால் எத்தனை கிலோ பஞ்சு அடித்தாலும் மறுபக்கம் வால் போலத் தொங்கும்.

இப்போது திரியைச் சந்தின்மேல் நீளவாக்கில் போடுங்கள். மெல்லிய உளியின் நுனியைத் திரியின்மேல் வைத்து, ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பஞ்சை இழுத்துச் சேர்த்து, சின்ன மடிப்பாக உள்ளே தள்ளி ஒரு தட்டு. அடுத்த கட்டைவிரல் தூரத்தில் இன்னொரு மடிப்பு, ஒரு தட்டு. சேலைக்குக் கொசுவம் வைப்பது போல மடிப்பும் மடிப்பும் அடுத்தடுத்து உட்கார வேண்டும். சந்து ஒடுங்குகிற இடத்தில் மடிப்பைச் சிறிதாக்குங்கள், ரொம்ப ஒடுங்கினால் மடிப்பே இல்லாமல் திரியை நேராக ஓட்டுங்கள், அகலமான இடத்தில் மடிப்பைப் பெரிதாக்கி நெருக்குங்கள். எவ்வளவு பஞ்சு எங்கே போகிறது என்பதை இடது கை தீர்மானிக்கிறது என்று சொன்னேனே, அது இதுதான். இந்தச் சுற்றில் பலமாக அடிக்க வேண்டாம், பஞ்சு உள்ளே நின்றால் போதும்.

ஒரு சந்து முழுக்கப் போய்ச் சேர்ந்ததும் தடித்த உளியை எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து வாருங்கள். உளியைச் சந்தின் நடுவில் நேராக நிறுத்தி, ஒரு இடத்தில் இரண்டு மூன்று அடி, பாதி உளி அகலம் நகர்த்தி மறுபடியும். உளி சாய்ந்தால் பலகை விளிம்பு நசுங்கும். முதல் அடிக்குச் சாக்குமூட்டையைத் தட்டுவது போலத் தொப் தொப் என்று கேட்கும். பஞ்சு இறுக இறுக அது டொக் என்று மாறும், அப்புறம் ஒரு கட்டத்தில் டங் என்று பலகை முழுக்கப் பாடும், உளியும் கையில் லேசாக எகிறும். அங்கே நிறுத்துங்கள். பஞ்சின் மேல்மட்டம் இப்போது பலகையின் முகத்திலிருந்து இரண்டு நூல் ஆழத்தில் இருக்க வேண்டும். மேலாக நின்றால் பஞ்சு அதிகம் போட்டிருக்கிறீர்கள், அடித்துத் தாழ்த்தப் பார்க்காமல் உருவிவிட்டு மெல்லிய திரி போடுங்கள். ரொம்பத் தாழ்ந்துவிட்டால் இன்னொரு மெல்லிய திரியை மேலே ஓட்டலாம்.

முடிந்ததும் பலகையைக் குப்புறப் போட்டுப் பாருங்கள். பஞ்சு எங்காவது எட்டிப் பார்க்கிறதா? அந்த இடத்தில் உள்விளிம்பு சேரவில்லை, இல்லையென்றால் நீங்கள் மிதமிஞ்சி அடித்திருக்கிறீர்கள். அப்புறம் நிமிர்த்தி, சந்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். முதலில் சொட்டும், மரம் ஊற ஊறக் குறையும். கடைசியாக, மனசு வராதுதான், ஆனால் பலகையைச் சந்துக்குக் குறுக்கே ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். பஞ்சு ஒரே கட்டியாக இறுகி இருக்கிறதா, இல்லை நடுவில் பொந்து விழுந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தால் அடுத்த தடவை கை தானாகத் திருந்தும். எனக்கு ஐந்தாவது பலகையில்தான் பொந்து இல்லாமல் வந்தது.

படகுக்கு வருவோம்

கத்திரி வெயிலில் மாதக்கணக்கில் கரையில் கிடந்த படகு எலும்பாகக் காய்ந்திருக்கும், சந்தெல்லாம் வாய் பிளந்து நிற்கும். அந்த நிலையில் சந்து நிறையப் பஞ்சு அடித்தால், தண்ணீரில் போட்டதும் பலகைகள் ஒன்றை ஒன்று நெரித்து விளிம்பு நொறுங்கும். அதனால் முதலில் கீற்றுப் பந்தல் போடுங்கள். சில நாள் ஈரச் சாக்கு போர்த்தி, கடல் தண்ணீர் தெளித்து மரத்தைக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்கள். நல்ல தண்ணீர் வேண்டாம், மரத்தை உளுக்க வைப்பது மழைத்தண்ணீர்தான், உப்புத் தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது. அப்புறம் சாக்கை எடுத்து ஓரிரு நாள் சந்தின் மேற்பரப்பு மட்டும் காய விட்டு வேலையைத் தொடங்கலாம்.

அடுத்தது ஆணி. கலப்பத்து அடிக்கும்போது ஒவ்வொரு சந்தும் ஒரு ஆப்பாக மாறிப் பலகைகளைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளலைத் தாங்குவது ஆணி. துருப்பிடித்து இற்றுப்போன ஆணியோடு கலப்பத்து அடிப்பது, கதவுக் கீல் கழன்றிருக்கும்போது தாழ்ப்பாள் மாட்டுவது போலத்தான். ஒவ்வொரு வங்கிலும் பலகையைக் கையால் தட்டிப் பாருங்கள், ஆடுகிற இடத்தில் எல்லாம் புது ஆணி. பேனாக்கத்தியின் நுனியால் குத்திப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்தப் பலகையை மாற்ற வேண்டும். கப்பல் புழு துளைத்த பலகை வெளியே நல்லபடியாகத் தெரியும், தட்டினால்தான் பொள்ளல் ஓசை காட்டிக்கொடுக்கும்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதன்முதலில் ஒரு வல்லத்தில் ஏராவை ஒட்டிய சந்து ஒழுகுகிறது என்று, பயிற்சிப் பலகையில் தேறிவிட்ட தைரியத்தில், ஆணியைப் பார்க்காமல் பஞ்சை அடித்தேன். டங் வரவே இல்லை. வராததால் இன்னும் பஞ்சு, இன்னும் அடி. சாயங்காலம் பார்க்க வந்த மேஸ்திரி ஒன்றும் பேசாமல் உள்ளே இறங்கி, பலகைக்கும் வங்குக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை நுழைத்துக் காட்டினார். நான் அடித்த பஞ்சு சந்தை மூடாமல் பலகையையே வங்கிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்தது. "ஏன் தம்பி, ஓசை வரலன்னா நிறுத்தணும்னு சொன்னேன்ல" என்று கேட்டுவிட்டுக் கொக்கியை என் கையில் கொடுத்தார். ஒரு நாள் அடித்ததைக் கிளறி எடுக்க இரண்டு நாள் ஆனது.

கிளறுவதும் ஒரு வேலைதான். கொக்கியால் பழைய மக்கையும் பஞ்சையும் இழுத்து எடுங்கள், மெதுவாக. மெஷின் ரம்பம் விட்டு ஒரே இழுப்பில் சந்தைச் சுத்தம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தோடு சேர்ந்து பலகை விளிம்பும் போய்விடுகிறது, ஒரு நூல் சந்து மூன்று நூல் ஆகிறது, அந்தப் படகை அப்புறம் யாராலும் சரி செய்ய முடியாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலரச் சுரண்டாமல் நனைத்துக்கொண்டு, முகமூடி போட்டுச் சுரண்டுங்கள். நல்லபடியாக இறுகியிருக்கும் பழைய பஞ்சை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள், டங் என்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள். இரண்டு நூலுக்குமேல் அகலமான சந்து என்றால் கீழே பஞ்சும் அதன்மேல் தார் தோய்த்த சணலும் அடிக்கலாம். விரல் போகிற அளவுக்கு இருந்தால் அது கலப்பத்து வேலையே இல்லை, தச்சு வேலை: மெல்லிய மரச்சட்டம் இழைத்து ஒரு பக்கப் பலகையோடு ஒட்ட வேண்டும், அல்லது பலகையை மாற்ற வேண்டும்.

சுத்தமான சந்தின் இரண்டு விளிம்பிலும் எண்ணெய் பிரைமரை மெல்லிய பிரஷால் ஓட்டுங்கள். இல்லையென்றால் காய்ந்த மரம் பிற்பாடு மக்கில் இருக்கிற எண்ணெயை உறிஞ்சி, மக்கு உதிர்ந்துவிடும். முன்பெல்லாம் இதற்குச் செவ்வீயப் பெயிண்ட் பூசுவார்கள், அது விஷம், தேட வேண்டாம்.

பஞ்சு அடிக்கும்போது தலைமூட்டுகளை முதலில் முடித்துவிட்டு நீளச் சந்துகளுக்கு வாருங்கள். ஒரே பக்கத்தை மொத்தமாக முடிக்காமல் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போனால் படகு ஒரு பக்கமாக இழுபடாது. ஒரு திரி முடிந்து அடுத்த திரி தொடங்குகிற இடத்தில் நான்கு விரல் நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். பழகுகிறவருக்கு ஒரு மீட்டர் சந்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், மேஸ்திரியோடு போட்டி போட வேண்டாம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், வைத்தால் ஓசை கேட்காது. அதற்குப் பதிலாக மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்விடுங்கள்.

அடித்த அன்றே பஞ்சின்மேலும் ஒரு கை பிரைமர். இழைகள் ஒட்டி ஒரே தோலாகும்.

மக்கு

பழைய முறையில் குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயோடு காய்ச்சி, சூடாகச் சந்தில் வார்ப்பார்கள். பதம் பார்ப்பது சுலபம்: ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு ஆறியதும் நகத்தால் அழுத்துங்கள். நொறுங்கினால் எண்ணெய் குறைவு, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் குங்கிலியம் குறைவு. நகம் பதிந்தும் பிசுபிசுக்காமல் இருந்தால் சரி. ஆனால் குங்கிலியம் சட்டென்று தீப்பிடிக்கிற சாமான், படகுக்குப் பக்கத்தில் காய்ச்சாதீர்கள், பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலோ மூடியோ பக்கத்திலேயே இருக்கட்டும்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது அடுப்பே வேண்டாத சுண்ணாம்பு மக்கு. நன்றாகச் சலித்த சுண்ணாம்புப் பொடியில் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விட்டு உரலில் இடித்து, சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நல்லெண்ணெயில் செய்கிறவர்களும் உண்டு. எனக்கு ஆளிவிதை எண்ணெய்தான் பிடிக்கும், அது காற்றில் தானாக இறுகும். கைக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு தோலை உரித்துவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

மக்கைச் சந்தில் அழுத்தி நிரப்பி, கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பலகை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பள்ளமாக விடுங்கள். மட்டமாக வைத்தால், பலகை ஊறி நெருங்கும்போது மக்கு வெளியே பிதுங்கி வரிவரியாக நிற்கும். எபாக்ஸிப் பசை, சிமெண்ட், இதையெல்லாம் வைத்து ஒரே அடியாக அடைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். மரம் அசைகிற சாமான், கல் மாதிரி இறுகுகிற எதுவும் சந்தில் இருந்தால் பலகைதான் கீறும், அடுத்த தடவை கிளறவும் முடியாது.

தண்ணீரில் இறக்குதல்

இறக்கிய அன்று ஒழுகும். பயப்படாதீர்கள், தேர்ந்த மேஸ்திரி அடித்த படகும் ஒழுகும். ஆழமில்லாத இடத்தில் கட்டிப்போட்டு, பம்பும் ஒரு வாளியும் வைத்துக்கொண்டு, முதல் ராத்திரி ஒரு ஆள் கட்டாயம் படகில் படுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை வாளி இறைத்தீர்கள் என்று படகின் முன்பக்கத்து அணியத்துப் பலகையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வாருங்கள். இரண்டாம் நாள் கோடு பாதியாக வேண்டும், மூன்றாம் நாள் விரல்விட்டு எண்ணலாம். குறையாமல் ஒரே அளவில் வந்தால் உள்ளே இறங்கி, துணியால் துடைத்துத் துடைத்து எந்தச் சந்து எந்த வங்குக்குப் பக்கத்தில் அழுகிறது என்று பார்த்து ஆணியால் கீறிக் குறி வையுங்கள், சுண்ணக்கட்டி ஈரத்தில் அழிந்துவிடும். அவசரத்துக்கு அந்த இடத்துக்கு நேராக வெளியே தண்ணீருக்குள் ஒரு கை ரம்பத்தூளைத் தூவினால், ஒழுகல் அதை உள்ளே இழுத்துத் தன்னையே அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நாள் தாங்கும். அப்புறம் கரையேற்றி, குறி வைத்த இரண்டு முழத்தை மட்டும் கொக்கியால் கிளறிவிட்டு, முதலில் அங்கே ஆணி ஆடுகிறதா என்று பாருங்கள்.